மர்க்கா பள்ளத்தாக்குக்கு எந்த அடுப்பு? குளிரும் காற்றும் சேர்ந்து வந்தால்?

அல்சூர் நடையன் | ஆகஸ்ட் 9, இரவு 10:12

செப்டம்பர் கடைசி வாரத்தில் நானும் என் மைத்துனனும் லடாக்கில் மர்க்கா பள்ளத்தாக்கு நடைக்குப் போகிறோம். சமையல்காரர் இல்லை, குதிரை இல்லை, முதுகில் இருப்பதுதான் வீடு. வழியில் ஊர்க்காரர்கள் வீடுகளில் தங்கிக்கொள்ளலாம் என்றாலும் கடைசி இரண்டு இரவுகளைக் கூடாரத்தில் கழிக்க எண்ணம். நிமாலிங் மேய்ச்சல் வெளி 4,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அதைத் தாண்டினால் 5,200 மீட்டருக்குச் சற்று மேலே கொங்மாரு லா கணவாய். அந்தப் பருவத்தில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், பிற்பகலில் காற்று ஆளைத் தள்ளும் என்கிறார்கள்.

என்னிடம் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் மடக்கு அடுப்பு. கடைகளில் கிடைக்கும் நீளமான பியூட்டேன் டப்பாவில் ஓர் இணைப்பியைப் போட்டு அதன்மேல் திருகிக்கொள்வேன். பெங்களூர் மொட்டை மாடியில் அருமையாக எரியும். சென்ற ஜனவரியில் ஊட்டிக்கு அருகே நண்பரின் தேயிலைத் தோட்டத்தில் தங்கியிருந்தோம். புல்லெல்லாம் உறைபனி. காலை ஆறு மணிக்குத் தேநீர் போடலாம் என்று பற்றவைத்தால் கார்த்திகை விளக்கு அளவுக்குத்தான் நெருப்பு. டப்பாவைக் குலுக்கினால் பாதிக்கு மேல் எரிபொருள் இருக்கிறது. மைத்துனன் அதைச் சட்டைக்குள் விட்டு, கட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எரிந்தது.

அந்தக் கால் மணி நேரத்தை நிமாலிங்கில் திரும்பச் செய்ய அவன் தயாராக இல்லை. எட்டாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம். எதை வாங்குவது?

வெந்நீர் | ஆகஸ்ட் 9, இரவு 10:31

பாத்திரமும் பர்னரும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும் வகையை வாங்குங்கள், ஜெட்பாயில் மாதிரி. பாத்திரத்தின் அடியில் மடிப்பு மடிப்பாகத் தகடு இருக்கும், சூடு வீணாகாது. அரை லிட்டர் தண்ணீர் இரண்டு மூன்று நிமிடத்தில் கொதித்துவிடும். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

கரோல்பாக் காவேரி | ஆகஸ்ட் 9, இரவு 11:05

யோசிக்க நிறைய இருக்கிறது. முதல் கேள்வி அடுப்பே அல்ல. லேயில் இறங்கியதும் உங்கள் கைக்கு என்ன எரிபொருள் கிடைக்கும்?

நாங்கள் டெல்லியிலிருந்து மலைக்குப் பஸ்ஸில் போகிறவர்கள். நீங்கள் பெங்களூரிலிருந்து விமானத்தில் போவீர்கள். எரிவாயு டப்பாவைக் கைப்பையிலும் கொண்டுபோக முடியாது, சரக்கிலும் போட முடியாது. தீப்பெட்டியும் லைட்டரும்கூடக் கூடாது. மண்ணெண்ணெய் அடுப்பு என்றால் பாட்டிலில் துளி வாசனை இருந்தாலும் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். ரயிலில் போனால் கொண்டுபோகலாமே என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் சமையல் எரிவாயு உருளையால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை நம் ஊர்க்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. ரயில்வே சட்டத்திலும் அதற்குச் சிறை உண்டு.

லேயில் மலையேற்றச் சாமான் விற்கும் கடைகளில் திருகு டப்பா, அதாவது இணைப்பி இல்லாமல் அடுப்பை நேராகத் திருகிக்கொள்ளும் டப்பா, கிடைக்கும். ஆனால் முத்திரை உடையாததா என்று பார்த்து வாங்குங்கள். மலையூர்களில் காலி டப்பாவில் மறுபடி நிரப்பி விற்கிறார்கள். எனக்கு ஒருமுறை மணாலியில் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. தராசில் எடை சரியாக இருந்தது. குளிரில் எரியத்தான் இல்லை. உள்ளே எதை நிரப்பினார்கள் என்று யாருக்குத் தெரியும்.

மல்லேஸ்வரம் மாலதி | ஆகஸ்ட் 10, காலை 6:48

ஊட்டியில் நடந்தது மர்மம் அல்ல, பத்தாம் வகுப்புப் பாடம். (இருபத்தாறு வருடம் வேதியியல் நடத்தியவள், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

டப்பாவுக்குள் இருப்பது திரவம். அது கொதித்து வாயுவாக மாறினால்தான் குழாய் வழியே வெளியே வரும். சாதாரண பியூட்டேன் கொதிப்பது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. ஐசோபியூட்டேன் மைனஸ் 12 அளவில். புரோப்பேன் மைனஸ் 42. உறைபனி பெய்த காலையில் உங்கள் பியூட்டேன் கொதிக்க மறுத்துவிட்டது, அவ்வளவுதான். மைத்துனனின் உடம்புச் சூடு அதற்குத் தூண்டுதல் கொடுத்தது.

இன்னொன்றும் நடக்கிறது. திரவம் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஆகவே அடுப்பு எரிய எரிய டப்பா வெளிக்காற்றைவிட அதிகமாகக் குளிர்கிறது. ஐந்து டிகிரிக் குளிரில்கூடப் பத்து நிமிடம் எரித்தால் டப்பாவின் வெளிப்புறத்தில் வெண்பனி படிவதைப் பார்க்கலாம்.

பியூட்டேனோடு புரோப்பேன் சேர்த்த கலவை டப்பா வாங்கினால் தீர்ந்ததா? பாதிதான். டப்பா நிமிர்ந்து நின்றால் மேலே சேர்வது ஆவி. அதில் முந்திக்கொண்டு ஓடுவது புரோப்பேன். முதல் நாள் பிரமாதமாக எரியும், மூன்றாம் நாள் டப்பாவில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பியூட்டேன். புது டப்பாவை வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியடைகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

உங்கள் பயணத்துக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. நிமாலிங் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். அங்கே பியூட்டேன் மைனஸ் 15 அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். அதற்காக மைனஸ் 14 வரை அடுப்பு எரியும் என்று கணக்குப் போடாதீர்கள். வெறுமனே கொதித்தால் போதாது, குழாயில் தள்ளிக்கொண்டு வர அழுத்தம் வேண்டும். அதற்கு இன்னும் ஒரு பத்து டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

பம்ப் ஸ்டவ் ஐயா | ஆகஸ்ட் 10, காலை 9:20

பிள்ளைகள் இவ்வளவு சிரமப்படுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

எங்கள் பாட்டி சிவாஜிநகர் வீட்டில் பித்தளை பம்ப் ஸ்டவ்வில் முப்பது வருடம் சமைத்தாள். தொட்டியில் கிருஷ்ணாயில், கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பர்னரைச் சூடாக்க வேண்டும், அடங்குகிற நேரம் பார்த்து நாலு தரம் பம்ப் அடித்தால் ஓவென்று நீல நெருப்பு. பக்கத்து வீட்டில் பேசுவது கேட்காது. அடைத்துக்கொண்டால் பின் (மெல்லிய ஊசி) போட வேண்டும். பின் முனை உடைந்து உள்ளே மாட்டிக்கொண்டால் அன்றைக்குச் சாப்பாடு ஓட்டலில்.

1892இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் செய்த பிரைமஸ் அடுப்பின் வாரிசு அது. 1911இல் அமுண்ட்சென் தென் துருவத்துக்குப் போனபோது உடன் போனது பிரைமஸ்தான். அதில் அழுத்தத்தை உண்டாக்குவது உங்கள் கை. வெளியே மைனஸ் இருபதா முப்பதா என்று அது கேட்காது. எரிபொருளை ஆவியாக்குவது அதன் சொந்த நெருப்பு. வெளிநாட்டுக் கம்பெனிகள் இப்போது இருபதாயிரத்துக்கு விற்கும் பலவகை எரிபொருள் அடுப்புகளைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பாட்டியின் ஸ்டவ்தான் இருக்கும். தொட்டியை பாட்டிலாக்கி, குழாயை நீட்டி, காலை மடக்கும்படி செய்திருக்கிறார்கள்.

மண்ணெண்ணெய்க்கு ஓட்டுப் போடுகிறேன்.

வெந்நீர் | ஆகஸ்ட் 10, காலை 9:44

ஐயா, பாட்டியின் ஸ்டவ்வை முதுகில் கட்டிக்கொண்டு கணவாய் ஏற முடியுமா? பற்றவைக்கக் கால் மணி நேரம், கைமுழுக்க நாற்றம், பாத்திரமெல்லாம் கரி.

பம்ப் ஸ்டவ் ஐயா | ஆகஸ்ட் 10, காலை 10:02

கால் மணி நேரம் உங்களுக்கு. எனக்கு மூன்று நிமிடம். நாற்றம் உண்டு, மறுக்கவில்லை.

கரோல்பாக் காவேரி | ஆகஸ்ட் 10, பிற்பகல் 1:15

ஐயா சொல்வது மைனஸ் இருபதுக்குச் சரி. ஜனவரியில் உறைந்த ஆற்றின்மேல் நடக்கும் சாதர் பயணம் போகிறவர் கேட்டிருந்தால் நானும் கண்ணை மூடிக்கொண்டு மண்ணெண்ணெய் என்றுதான் சொல்வேன். பனியை உருக்கித் தண்ணீர் எடுக்க வேண்டிய இடத்தில் எரிபொருள் ஏறக்குறைய இரண்டு மடங்கு செலவாகும். ஒரு கிலோ பனியைத் தண்ணீராக்குவதற்கு மட்டுமே, அந்தத் தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகும் அளவு சூடு வேண்டும். அங்கே டப்பா கட்டுப்படியாகாது.

ஆனால் நடையன் போவது செப்டம்பர் கடைசி. ஓடையில் தண்ணீர் ஓடும். இரண்டு இரவுக்காக ஒரு புது அடுப்பையும், அதைப் பற்றவைக்கும் பழக்கத்தையும் வாங்க வேண்டுமா? மண்ணெண்ணெய் அடுப்பு பழகாதவன் கையில் ஆபத்து. பர்னர் சூடாகும் முன் குழாயைத் திறந்துவிட்டு இரண்டடி உயரத்துக்கு மஞ்சள் நெருப்பு எழுப்பி, புருவத்தைக் கருக்கிக்கொண்ட ஒருவரோடு நான் மூன்று நாள் நடந்திருக்கிறேன்.

பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டிலில் தர பெட்ரோல் பங்குகளில் மறுப்பார்கள். தந்தாலும் மண்ணெண்ணெயைவிடச் சட்டென்று பற்றும் சரக்கு அது.

அல்சூர் நடையன் | ஆகஸ்ட் 10, இரவு 9:50

மாலதி அக்கா, அப்படியானால் டப்பாவைக் கவிழ்த்துப் போடும் அடுப்பு என்று சொல்கிறார்களே, அது என்ன? என் மடக்கு அடுப்பைத் தலைகீழாகப் பிடித்தால் போதுமா?

மல்லேஸ்வரம் மாலதி | ஆகஸ்ட் 10, இரவு 10:20

வேண்டவே வேண்டாம்! திரவம் நேராகப் பர்னருக்கு வந்து தீப்பந்தாக வெடிக்கும்.

கவிழ்த்துப் போடுவதற்கென்றே செய்த அடுப்பு வேறு. பர்னர் தனியாகத் தரையில் நிற்கும். அதிலிருந்து ஒரு நெகிழ்குழாய் டப்பாவுக்குப் போகும். முக்கியமானது அந்தக் குழாயின் கடைசித் துண்டு: நெருப்பின் ஊடே வளைந்து போகும் ஓர் உலோகக் குழல். டப்பாவைக் கவிழ்த்தால் திரவமே குழாயில் இறங்கும். நெருப்பில் காயும் அந்தக் குழலுக்குள் வந்ததும் அது ஆவியாகிவிடும். ஐயா சொன்ன பம்ப் ஸ்டவ்வின் அதே தந்திரம்தான், பம்ப் மட்டும் இல்லை. பம்ப் வேலையை உள்ளே இருக்கும் கொஞ்சம் புரோப்பேனின் அழுத்தம் செய்துவிடும். ஆவியாவது டப்பாவுக்கு வெளியே என்பதால் டப்பா தன்னைத் தானே குளிரவைத்துக்கொள்வதில்லை. கலவையும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே விகிதத்தில் இறங்கும், புரோப்பேன் முந்திக்கொண்டு ஓட வழியில்லை.

கொரியாவின் கோவியா ஸ்பைடர் இந்த வகை. 168 கிராம்தான். எம்எஸ்ஆர் விண்ட்ப்ரோவும் இப்படித்தான். வாங்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள், அந்தக் குழல் நெருப்பைத் தொட்டுக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். நெகிழ்குழாய் இருந்தும் குழல் இல்லாத மலிவு அடுப்புகள் உண்டு. அவற்றைக் கவிழ்க்கக் கூடாது.

பற்றவைக்கும்போது டப்பா நிமிர்ந்தே இருக்கட்டும். ஒரு நிமிடம் எரிந்து குழல் சூடானதும் மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். அணைக்கும்போதும் முதலில் நிமிர்த்திவிட்டால் குழாயில் தங்கிய திரவம் எரிந்து தீரும்.

வெந்நீர் | ஆகஸ்ட் 11, காலை 8:10

ஜெட்பாயிலை ஒரேயடியாக ஒதுக்குகிறீர்களே. அதில் அழுத்தச் சீராக்கி உள்ள வகைகள் இருக்கின்றன, குளிரில் நன்றாக எரியும் என்று போட்டிருக்கிறது.

மல்லேஸ்வரம் மாலதி | ஆகஸ்ட் 11, காலை 8:35

சீராக்கி இருக்கிற அழுத்தத்தைச் சீராகத் தரும். இல்லாத அழுத்தத்தை எங்கிருந்து கொண்டுவரும்? பூஜ்யத்தைச் சுற்றிய குளிரில் நிச்சயம் உதவும். ஒதுக்கவில்லை, அதன் எல்லை அது.

அல்சூர் நடையன் | ஆகஸ்ட் 18, இரவு 11:30

ஒரு வாரமாகக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். மொட்டை மாடியில் ஆராய்ச்சிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் மைனஸ் பத்துக்கு எங்கே போவது? மைத்துனன் டப்பாவை ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைக்கலாம் என்றான். என் மனைவி ஒரே பார்வையில் அந்த யோசனையை முடித்துவைத்தாள். பிறகு குல்ஃபிக்காரர் நினைவுக்கு வந்தார். அவர் பானையில் செய்வதைத்தான் நானும் செய்தேன்: மீன்கடையிலிருந்து நொறுக்கிய ஐஸ், மூன்று கிலோ கல்லுப்பு, ஒரு பிளாஸ்டிக் வாளி. வெப்பமானி மைனஸ் 14 வரை போனது.

முதலில் என் பழைய பியூட்டேன் டப்பா, வாளியில் ஒரு மணி நேரம். பற்றவே இல்லை. குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

அடுத்து புரோப்பேன் கலந்த திருகு டப்பா, ஏற்கெனவே முக்கால் பங்கு எரிந்து தீர்ந்தது, வாளியில் நின்றபடியே மடக்கு அடுப்போடு. பற்றியது. நான்கு நிமிடத்தில் சுருங்கியது. அரை லிட்டர் தண்ணீர் கடைசிவரை கொதிக்கவில்லை.

மூன்றாவது, நண்பரிடம் இரவல் வாங்கிய குழல் அடுப்பு. அதே டப்பாவை வாளியிலிருந்து எடுத்துத் துடைத்து, பற்றவைத்துக் கவிழ்த்தேன். இரண்டு வினாடி தயங்கி, மஞ்சளாகத் துள்ளி, பிறகு சீராக உறுமத் தொடங்கியது. நான்கே நிமிடத்தில் கொதி.

சரி, குளிர் முடிந்தது என்று மேசை மின்விசிறியை இழுத்து வந்து ஆறடி தள்ளி வைத்தேன். அங்கேதான் கர்வம் அடங்கியது. விசிறி இல்லாமல் அரை லிட்டருக்கு 8 கிராம் செலவான அதே குழல் அடுப்பு, இரண்டாம் எண் வேகத்தில் 21 கிராம் குடித்தும் கொதிக்கவைக்கவில்லை. குளிர் அடுப்பைத் திணறடிக்கிறது, காற்று திருடுகிறது. பாத்திரத்துக்கு ஒரு பக்கமாக நெருப்பு படுத்துக்கொண்டு எரிவதைப் பார்த்தால் வயிறும் சேர்ந்து எரிகிறது.

மல்லேஸ்வரம் மாலதி | ஆகஸ்ட் 19, காலை 6:30

அருமையான சோதனை. ஒரு குறை: மூன்றாவது சோதனையில் டப்பா வாளிக்கு வெளியே, பெங்களூர்க் காற்றில் இருந்தது. கொஞ்சம் சூடேறியிருக்கும். முடிவு மாறாது, ஆனால் மதிப்பெண்ணில் ஒன்று குறைக்கிறேன்.

நெறியாளர் | ஆகஸ்ட் 19, காலை 7:15

உறைபெட்டி யோசனை பற்றி: வேண்டாம். கசிவு இருந்தால் மூடிய பெட்டிக்குள் வாயு, பக்கத்தில் மின்பொறி.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். காற்றுக்குப் பயந்து கூடாரத்துக்குள் அடுப்பைக் கொண்டுபோகும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். தீப்பிடிப்பது ஒரு பக்கம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்ற இடத்தில் விடுதி அறையில் வாயுக் கணப்பைப் போட்டுக்கொண்டு தூங்கிய கேரளப் பயணிகள் எட்டுப் பேர் எழுந்திருக்கவில்லை. மலை உயரத்தில் ஏற்கெனவே மூச்சு வாங்கும், தலை வலிக்கும். நச்சு வாயுவால் வரும் தலைவலியை அங்கே பிரித்தறிய முடியாது. மழையோ காற்றோ, சமையல் வெளியே. மிஞ்சிப்போனால் கூடார வாசலின் முன்கூரை, அதுவும் இரண்டு பக்கமும் திறந்து.

பம்ப் ஸ்டவ் ஐயா | ஆகஸ்ட் 19, காலை 9:05

காற்றுக்குத் தடுப்பு கட்ட அச்சகத்துக்குப் போ தம்பி. ஆஃப்செட் அச்சகத்தில் ஒருமுறை அச்சடித்துத் தள்ளிய அலுமினியத் தகடுகள் கட்டுக்கட்டாக இருக்கும், பழைய இரும்பு விலைக்குத் தருவார்கள். கத்தரிக்கோலால் வெட்டலாம், சுருட்டலாம், கிழியாது. ஓர் அடி உயரம் வேண்டாம், பாத்திரத்தின் பாதி உயரத்துக்கு வந்தால் போதும். அடியில் காற்றுப் போக வரிசையாகத் துளை போடு. பாத்திரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் அகலம் இடைவெளி விடு. என்னிடம் இருக்கும் தகட்டில் 1998ஆம் வருடத்துக் கல்யாணப் பத்திரிகை இன்னும் தெரிகிறது.

கரோல்பாக் காவேரி | ஆகஸ்ட் 19, முற்பகல் 11:40

ஐயாவின் தகடு அருமை, ஆனால் யார் யார் பயன்படுத்தலாம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். டப்பாவின் தலைமேல் உட்காரும் அடுப்பைச் சுற்றித் தகடு கட்டவே கூடாது. சூடு கீழே இறங்கி டப்பாவைத் தாக்கும், வெடிக்கும். டப்பா தள்ளி இருக்கும் குழல் அடுப்புக்கு மட்டும்தான் இந்தத் தகடு. டப்பா தகட்டுக்கு வெளியே. கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டினால் அணைத்துவிடுங்கள்.

தலைமேல் உட்காரும் அடுப்பே வேண்டுமென்றால் சோட்டோ விண்ட்மாஸ்டர் மாதிரி பர்னர் வாய் குழிந்து, பாத்திரம் நெருப்புக்கு மிக அருகில் உட்காரும் வகையைப் பார்க்கலாம். காற்றை ஓரளவு சமாளிக்கும். ஓரளவுதான்.

தகட்டைவிடப் பெரியது இடம். நிமாலிங்கில் ஆட்டிடையர்கள் கட்டிய கல்சுவர்கள் இருக்கும். கூடாரம் போடுவதற்கு முன்பே சமையலுக்கு எந்தச் சுவர் என்று பார்த்துவிடுங்கள்.

அல்சூர் நடையன் | ஆகஸ்ட் 19, இரவு 10:05

தகடு கிடைத்தது. என்னுடையதில் ஒரு நகைக்கடை விளம்பரம். விசிறியை மறுபடி வைத்துப் பார்த்தேன். அதே இரண்டாம் எண் வேகம், 10 கிராமில் கொதித்துவிட்டது. நாற்பது ரூபாய்த் தகடு செய்த வேலையை எந்த எட்டாயிரம் ரூபாய் அடுப்பும் செய்திருக்காது.

குழல் அடுப்பு வாங்கிவிட்டேன். இனி எரிபொருள் கணக்கு. எத்தனை டப்பா?

மல்லேஸ்வரம் மாலதி | ஆகஸ்ட் 20, காலை 6:40

முதலில் என்ன சாப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். அதுதான் கணக்கின் முதல் வரி.

நிமாலிங்கில் தண்ணீர் 84, 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வருவதைப் பார்த்துவிட்டு அரிசியைப் போட்டால் ஒரு மணி நேரம் கழித்தும் நடுவில் நறுக்கென்று இருக்கும். பருப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். குக்கர் தூக்கிப் போகப் போவதில்லை அல்லவா? அப்படியானால் வெந்நீர் ஊற்றி மூடிவைத்தால் ஆகிவிடும் உணவு மட்டும். கெட்டி அவல், புளிக்காய்ச்சல், வறுத்த வேர்க்கடலை. வறுத்த ரவையில் கடுகு கறிவேப்பிலை தாளித்து உப்புச் சேர்த்துப் பொட்டலம் கட்டிக்கொண்டால் அங்கே கொதிநீர் மட்டும் போதும். மூடிய பாத்திரத்தைத் தொப்பிக்குள் வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள், எரிபொருள் செலவில்லாமல் வேகும்.

இப்படிச் சாப்பிட்டால் இரண்டு பேருக்கு நாளைக்கு மூன்று லிட்டர் வெந்நீர். லிட்டருக்கு 20 கிராம் என்று தாராளமாக வைத்து, காற்றுக்கும் கொஞ்சம் சேர்த்தால் 75 கிராம். இரண்டரை நாளைக்கு 190. ஒரு 230 கிராம் டப்பா போதும். மனசு கேட்காவிட்டால் ஒரு சின்ன டப்பா கூடுதலாக.

இரவில் டப்பாவைத் தூக்கப் பைக்குள் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். மைத்துனன் கட்டிக்கொள்ள வேண்டாம்.

வெந்நீர் | ஆகஸ்ட் 20, காலை 9:00

வெந்நீர் மட்டும் போதும் என்று முடிவாகிவிட்டது. அதைத்தான் முதல் நாளே சொன்னேன்.

கரோல்பாக் காவேரி | ஆகஸ்ட் 20, காலை 9:12

😀 பாதி மதிப்பெண் தரலாம்.

அல்சூர் நடையன் | அக்டோபர் 8, இரவு 9:25

திரும்பி வந்து நான்கு நாளாகிறது. உதடு இன்னும் ஆறவில்லை.

லேயில் மூன்று கடை ஏறி இறங்கி முத்திரை உடையாத 230 டப்பா ஒன்று வாங்கினோம். தீப்பெட்டியும் அங்கேயே. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சிவகாசி. அடுப்பின் பொறிக்குமிழ் மர்க்கா ஊரைத் தாண்டியதும் வேலைநிறுத்தம் செய்தது, மைத்துனனின் புது லைட்டர் குளிரில் அதற்குத் துணை நின்றது. சிவகாசிதான் காப்பாற்றியது.

நிமாலிங்கில் மாலை நான்கு மணிக்குக் காற்று எழுந்தது. முதல் இரவில் கல்சுவர் ஓரமாகத் தகட்டைச் சுற்றிப் பற்றவைத்தேன். தகடு பறந்தது. சரியாகச் சொன்னால் நகைக்கடை விளம்பரம் கணவாய்ப் பக்கம் கிளம்பிவிட்டது, மைத்துனன் துரத்திப் பிடித்தான். நாலாயிரத்து எழுநூறு மீட்டரில் ஓடக் கூடாது என்பதை அவன் அன்று கற்றான். தகட்டின் இரு ஓரத்திலும் துளை போட்டுக் கூடார முளை செருகிக்கொள்ள வேண்டும், இனி வருகிறவர்கள் கவனிக்கவும்.

காலை ஐந்தரைக்கு வெப்பமானி மைனஸ் 8. ஓடையின் ஓரமெல்லாம் கண்ணாடி. தூக்கப் பையிலிருந்து எடுத்த டப்பாவைக் கவிழ்த்ததும் மொட்டை மாடியில் கேட்ட அதே உறுமல். இரண்டாம் நாள் காலையில், டப்பாவில் கால் பங்குகூட இல்லாதபோதும் அதே உறுமல். அவல் புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே பக்கத்துக் கூடாரத்தில் ஒருவர் தன் டப்பாவைக் கைகளுக்கிடையே வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தோம். மைத்துனன் எழுந்து போய் அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்துவிட்டு வந்தான்.

செலவு 175 கிராம். மிச்சம் 55 கிராம் டப்பாவை விமானத்தில் கொண்டுவர முடியாதே. லேயில் தங்கிய விடுதிக்காரரிடம் கொடுத்தேன். அடுத்து வருகிற நடையர்களுக்குத் தருவதற்கென்று அவர் ஒரு கூடையே வைத்திருக்கிறார், அதில் பாதி எரிந்த டப்பாக்கள் ஏழெட்டு.

ஐயாவுக்கு ஒரு செய்தி. நிமாலிங்கில் ஊர்ப் பெண்கள் நடத்தும் சாப்பாட்டுக் கூடாரத்தில் என்ன அடுப்பு தெரியுமா? பித்தளை பம்ப் ஸ்டவ். அந்தக் காற்றிலும் ஓவென்று எரிந்துகொண்டிருந்தது, மேலே இருபது பேருக்கான பானை. உங்களுக்காகவே படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

பம்ப் ஸ்டவ் ஐயா | அக்டோபர் 9, காலை 9:10

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பர்னரின் இடப்பக்கம் நெருப்பு மஞ்சளாக இருக்கிறது. பின் போடச் சொல்லியிருக்கலாமே தம்பி.